பிள்ளையின் பணம்: மதீனாவின் பேரீச்சைக் களம் முதல் வங்கி வைப்பு வரை

சாலை விபத்தில் காயமுற்ற ஒரு பிள்ளைக்குத் தீர்ப்பாயம் இழப்பீடு வழங்குகிறது. தொகை சில லட்சங்கள். தீர்ப்பின் கடைசிப் பத்தியில் ஒரு நிபந்தனை இருக்கும். அந்தத் தொகை மைனரின் பெயரில், தேசியமயமாக்கப்பட்ட வங்கியொன்றில், அவர் வயதடையும் வரை நிரந்தர வைப்பாக இருக்க வேண்டும். தீர்ப்பாயத்தின் அனுமதியின்றி எவரும் அதை எடுக்கலாகாது. இந்தப் பத்தியைப் படித்துக் காட்டியதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி எல்லோரும் அறிந்ததே: பெற்ற தகப்பன் நான் இருக்கையில், என் பிள்ளையின் பணத்தை எனக்குத் தர மறுப்பதற்கு இவர்கள் யார்?

கேள்வி இயல்பானது, அதன் பின்னே வேதனையும் இருக்கிறது. ஆனால் இந்த நிபந்தனையை ஆங்கிலேயச் சட்டம் நம் மீது சுமத்திய தளையென்று எண்ணுவோமானால், நம்முடைய வரலாற்றை நாமே மறந்தவர்களாவோம். சிறுவர் சொத்து பெரியவர் கையில் இருக்கும் அமானிதம் என்பதும், அதற்குக் கணக்கு வேண்டும், சாட்சி வேண்டும், கண்காணிப்பு வேண்டும் என்பதும் இந்தச் சமுதாயம் பதினான்கு நூற்றாண்டுகளாகப் பேசியும் எழுதியும் செயல்படுத்தியும் வந்தவை. சில காலங்களில் நன்றாகச் செயல்படுத்தினோம். சில காலங்களில் வெட்கப்படும்படி தவறினோம். அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு சிறுவர்களின் நிலம்

நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்து சேர்ந்ததும் பள்ளிவாசலுக்கென ஓர் இடம் தேவைப்பட்டது. ஒட்டகம் மண்டியிட்ட இடம், பேரீச்சம் பழங்களைக் காயவைக்கும் ஒரு களம். அது ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது. அவர்கள் அஸ்அத் பின் ஸுராரா (ரலி) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்தனர். நபியவர்கள் அச்சிறுவர்களை அழைத்து விலை பேசினார்கள். அன்பளிப்பாகவே தருகிறோம் என்று சிறுவர்கள் சொன்னார்கள். அன்பளிப்பாகப் பெற நபியவர்கள் மறுத்துவிட்டார்கள். விலை கொடுத்து வாங்கிய பிறகே கட்டுமானம் தொடங்கியது. இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. விலை 10 தீனார் என்றும், அதை அபூபக்ர் (ரலி) அவர்கள் செலுத்தினார்கள் என்றும் வரலாற்று நூல்களில் காணப்படுகிறது.

இந்நிகழ்ச்சியை நம் பயான்களில் பல முறை கேட்டிருக்கிறோம். அதன் சட்டப் பொருளை மட்டும் அடிக்கடி கவனிப்பதில்லை. வாங்குபவர் இறைத்தூதர். வாங்கும் நோக்கம் இறையில்லம். கொடுப்பவர்கள் மனமுவந்து கொடுக்கின்றனர். இத்தனையும் இருந்தும், சிறுவரின் சொத்து விலையின்றிக் கைமாறவில்லை. இதைவிட உயர்ந்த நோக்கமொன்றைக் காட்டி ஒரு பிள்ளையின் பணத்தைக் கேட்க நம்மில் எவராலும் இயலாது.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில் நடந்த உஹது போரில் எழுபது பேர் வரை ஷஹீதானார்கள். சிறியதோர் ஊரில் ஒரே நாளில் இத்தனை வீடுகள் தகப்பனை இழந்தன. அவர்களுள் ஒருவரான ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, தம் இரு பெண் குழந்தைகளோடு நபியவர்களிடம் வந்து முறையிட்டார். குழந்தைகளின் சிறிய தந்தை சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். பணமின்றி இவர்களுக்குத் திருமணம் எப்படி நடக்கும் என்பதே அந்த முறையீடு. அதன்பின் வாரிசுரிமை வசனம் அருளப்பட்டது. நபியவர்கள் அந்தச் சிறிய தந்தையை அழைத்து, மூன்றில் இரு பங்கைப் பெண் குழந்தைகளுக்கும், எட்டில் ஒரு பங்கைத் தாய்க்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை எடுத்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார்கள். திர்மிதீயிலும் அபூதாவூதிலும் இடம்பெறும் இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் உள்ளன. பிள்ளைகளின் சொத்தைக் கையகப்படுத்தியவர் அந்நியரல்லர், நெருங்கிய இரத்த உறவு. அதைக் கேட்டு வழக்காடியவர் அவர்களுடைய தாய். இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னர் தேவைப்படும்.

‘அதிலிருந்து’ அல்ல, ‘அதில்’

அந்நிஸா அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இத்துறையின் அடிப்படைச் சட்டம். அநாதைகளின் நல்ல பொருளுக்குப் பதிலாகக் கெட்டதை மாற்றி வைக்காதீர்கள் என்கிறது 4:2. அவர்கள் திருமண வயதை எட்டும்வரை சோதித்துப் பாருங்கள், பகுத்தறிவைக் கண்டால் சொத்தை ஒப்படையுங்கள், வளர்ந்துவிடுவார்களே என்று அவசரமாகத் தின்று தீர்க்காதீர்கள், வசதியுள்ள காப்பாளர் ஒதுங்கிக்கொள்ளட்டும், ஏழையானவர் நியாயமான அளவில் எடுத்துக்கொள்ளட்டும், ஒப்படைக்கும்போது சாட்சிகளை வையுங்கள் என்கிறது 4:6. அநியாயமாக அதை உண்பவர் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார் என்று 4:10 எச்சரிக்கிறது.

இந்த எச்சரிக்கையைக் கேட்ட தோழர்கள் அஞ்சிப் போனார்கள். தம் பொறுப்பிலிருந்த அநாதைகளின் உணவையும் பானத்தையும் தனியே ஒதுக்கினார்கள். பிள்ளை உண்டு மிஞ்சியது கெட்டுப்போனாலும் தொடவில்லை. இது பெரும் சிரமமாயிற்று. அவர்களோடு கலந்து வாழலாம், அவர்கள் உங்கள் சகோதரர்களே, சீர்செய்பவர் யார் கெடுப்பவர் யார் என்பதை அல்லாஹ் அறிவான் என்ற கருத்தில் 2:220 அருளப்பட்டது. அச்சத்துக்கும் நடைமுறைக்கும் இடையே ஒரு வழி அன்றே வகுக்கப்பட்டுவிட்டது.

4:5இல் ஒரு நுட்பம் உண்டு. முதிர்ச்சியற்றோரின் செல்வத்தை அவர்கள் கையில் கொடுத்துவிடாமல், அவர்களுக்கு உணவும் உடையும் அளியுங்கள் என்று கூறும் அவ்வசனம், ‘அதிலிருந்து’ என்று பொருள்படும் ‘மின்ஹா’ என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. ‘அதில்’ என்று பொருள்படும் ‘ஃபீஹா’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. ஸமக்ஷரீ, ராஸீ போன்ற விரிவுரையாளர்கள் இதற்குத் தந்த விளக்கம் கவனிக்கத்தக்கது. முதலை உண்டு தீர்க்காதீர்கள். முதலை வணிகத்தில் ஈடுபடுத்தி, அதன் ஆதாயத்தில் செலவிடுங்கள் என்பதே அதன் குறிப்பு என்றார்கள்.

உமர் (ரலி) அவர்கள், அநாதைகளின் பணத்தை ஜகாத் தின்றுவிடாதபடி அதை வணிகத்தில் ஈடுபடுத்துங்கள் என்று அறிவுறுத்தியதை இமாம் மாலிக் தம் முவத்தாவில் பதிவுசெய்கிறார். ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரரின் அநாதைப் பிள்ளைகளை வளர்த்தபோது அவர்களின் பொருளுக்கு ஜகாத் கொடுத்ததும் அங்கேயே இடம்பெறுகிறது. இதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளின்படி சிறுவரின் பொருளுக்கும் ஜகாத் உண்டு. காப்பாளர் கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபின்படி சிறுவர் மீது இந்த ஜகாத் கடமையில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபி மத்ஹபும் பின்பற்றப்படுவதால், ஒரே தீர்ப்பில் இழப்பீடு பெற்ற இரு தமிழ் முஸ்லிம் பிள்ளைகளின் வைப்புக்கு இரு விதமான விடை கிடைக்கக்கூடும்.

காயத்தின் விலையும் மன்னிக்கும் உரிமையும்

இதுவரை பேசியது வாரிசுச் சொத்து. காயத்துக்கான பணமும் இஸ்லாமியச் சட்டத்தில் தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளது. அம்ர் பின் ஹஸ்ம் (ரலி) அவர்களை யமன் பகுதிக்கு அனுப்பியபோது கொடுக்கப்பட்ட மடலில் தியத்தின் அளவுகள் உள்ளன. உயிருக்கு 100 ஒட்டகங்கள். இரு கண்களுக்கும் முழு தியத். ஒரு காலுக்குப் பாதி. ஒவ்வொரு விரலுக்கும் 10. ஒவ்வொரு பல்லுக்கும் 5.

இந்தப் பட்டியலில் வயது குறிக்கப்படவில்லை, வருமானமும் குறிக்கப்படவில்லை. உழைத்துப் பொருளீட்டும் இளைஞனின் விரலுக்கும் எழுத்து பழகும் சிறுவனின் விரலுக்கும் ஒரே அளவுதான். அந்தப் பொருள் காயமுற்ற பிள்ளைக்கே உரியது, தந்தைக்குரியதன்று. தந்தை பிள்ளையின் வலி, அதாவது காப்பாளர் என்ற முறையில் அதைப் பெற்று வைத்திருப்பவர் மட்டுமே.

மன்னிப்புக் குறித்து ஹனஃபி சட்டநூலான ஹிதாயா வகுக்கும் விதி நம் காலத்துக்கு மிகவும் பொருந்துவது. தன் நலனைத் தானே காத்துக்கொள்ள இயலாதவருக்கு நேர்ந்த காயத்தில் தந்தை சமாதானம் பேசிப் பொருள் பெறலாம். ஆனால் மன்னித்துவிட அவருக்கு அதிகாரமில்லை. சிறுவரின் நிலையும் இதுவே. காரணம் எளிது: பிறருடைய உரிமையை வீணாக்க எவருக்கும் உரிமையில்லை. தெரிந்தவர் பிள்ளை ஓட்டிய வண்டிதானே, அல்லாஹ்வுக்காக மன்னித்துவிட்டோம் என்று பஞ்சாயத்தில் எழுந்து சொல்லும் தந்தையின் பெருந்தன்மை போற்றத்தக்கதாகத் தோன்றலாம். ஆனால் அவர் வாரி வழங்குவது தம் பொருளையன்று.

நீயும் உன் பொருளும் உன் தந்தைக்கே என்ற கருத்திலமைந்த ஹதீஸை இங்கே சிலர் எடுத்துக்காட்டுவர். இப்னுமாஜாவில் வரும் அச்செய்தியைப் பெரும்பான்மைச் சட்ட அறிஞர்கள், தேவையுள்ள தந்தை மகனிடம் ஜீவனாம்சம் பெறும் உரிமை என்றே விளங்கிக்கொண்டனர். சற்று விரிவான உரிமை தந்த ஹன்பலி அறிஞர்களும் பிள்ளைக்குத் தீங்கு நேரலாகாது என்ற நிபந்தனையை வைத்தனர். ஊனமுற்ற பிள்ளையின் வாழ்நாள் ஆதாரத்தை எடுத்து வீட்டுக்கு மாடி எழுப்புவது எந்த மத்ஹபின் விளக்கத்திலும் அடங்காது.

காழியின் பதிவேடு

தனிமனிதரின் இறையச்சத்தை மட்டும் நம்பி இந்த அமானிதத்தை விட்டுவிட முடியாது என்பதை முஸ்லிம் ஆட்சிகள் விரைவிலேயே உணர்ந்தன. எகிப்தின் காழிகளைப் பற்றி எழுதிய கிந்தீ, ஹிஜ்ரி 86ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 705இல் அங்கே காழியாக இருந்த அப்துர் ரஹ்மான் பின் முஆவியா பின் ஹுதைஜ் என்பவரே அநாதைகளின் சொத்துகளை நேரடியாகக் கண்காணித்த முதல் காழி என்று குறிப்பிடுகிறார். ஒவ்வொரு குலத்துக்கும் இருந்த ‘அரீஃப்’ என்னும் பொறுப்பாளரைப் பிணையாக்கி, எழுத்தில் பதிவுசெய்து வைத்தார். நபியவர்களின் மறைவுக்குப்பின் முக்கால் நூற்றாண்டுக்குள் நிகழ்ந்தது இது.

பிற்காலத்தில் மம்லூக் ஆட்சியின்கீழ் கெய்ரோவில் ‘மூதஉல் ஹுக்ம்’ என்ற பெயரில் ஒரு பொது வைப்பகம் இயங்கியது. அநாதைகளின் பணமும், ஊரில் இல்லாதோரின் பணமும் காழிகளின் பொறுப்பில் அங்கே பாதுகாக்கப்பட்டன. அமைப்பு சிறந்ததே. ஆனால் பெரும் தொகை ஓரிடத்தில் சேர்ந்ததும் அதன்மீது ஆள்வோரின் கண் விழுந்தது. போர்ச் செலவு என்ற பெயரில் சுல்தான்கள் அதிலிருந்து கடன் பெற்றனர். நாட்டைக் காக்கும் போர் என்ற காரணம் கேட்க நியாயமாகவே இருந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அவ்வமைப்பு தன் வலுவை இழந்தது. பேரீச்சைக் களத்தை விலையின்றிப் பெற மறுத்த நபியின் சமுதாயத்தில் இது நிகழ்ந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பிள்ளையின் பணம் கரைவது பெரும்பாலும் திருட்டால் அன்று, நல்ல காரணங்களால்தான்.

உஸ்மானிய அரசு 1851இல் அநாதைகளின் பணத்துக்கென்றே தனி நிர்வாகத்தை இஸ்தான்புல்லில் நிறுவியது. மாகாணங்களில் ‘எய்தாம்’ பெட்டிகள் என்ற நிதியங்கள் உருவாயின. பணத்தை முடக்கி வைத்தால் அது தேயும்; ஆகவே அதைக் கடனாகக் கொடுத்து ஆதாயம் ஈட்டினர். வட்டியின் வாடை வராதபடி சட்ட உபாயங்கள் கையாளப்பட்டன. அவை கூடுமா என்ற விவாதமும் உடன் நடந்தது. குடியரசான துருக்கி 1926இல் தொடங்கிய ஒரு வங்கி தன் பெயரிலேயே ‘எய்தாம்’, அதாவது அநாதைகள் என்ற சொல்லைத் தாங்கியிருந்தது. வங்கி வைப்பில் இருக்கும் பிள்ளைப் பணமும் அதன் ஆதாயம் பற்றிய மனக்கலக்கமும் நமக்கு மட்டும் நேர்ந்த புதுமையல்ல.

நம் நாட்டில்: காழியிடமிருந்து மாவட்ட நீதிமன்றத்துக்கு

இந்தியாவில் கம்பெனி ஆட்சி தொடக்கத்தில் காழிகளை நியமித்து வந்தது. 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் அந்த அரசு நியமனத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. பின்னர் 1880இல் காழிகள் சட்டம் வந்தபோது, அது முதன்முதலில் சென்னை ஆளுநரின் ஆளுகைப் பகுதிக்கே பொருந்துவதாக இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்தின்படி நியமிக்கப்படும் காழிக்கு நீதிமன்ற அதிகாரம் எதுவும் கிடையாது. நிக்காஹ் பதிவேடு அவர் கையில் எஞ்சியது. அநாதைகளின் கணக்கேடு எஞ்சவில்லை.

அந்த இடத்தை மாவட்ட நீதிமன்றம் நிரப்பியது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. நீதிமன்றம் நியமித்த சொத்துக் காப்பாளர், அதன் அனுமதியின்றி மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ இயலாது. ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவும் இயலாது. நீதிமன்றம் கேட்டால் பிணை எழுதித் தரவும் கணக்கு ஒப்புவிக்கவும் வேண்டும். 705ஆம் ஆண்டின் அரீஃபிடம் கேட்கப்பட்டதும் ஏறக்குறைய இதுவே.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் வழக்குப் பணத்துக்கு விதி வகுத்தது. அதன் 32ஆம் கட்டளையின் 6ஆம் விதிப்படி, மைனர் சார்பில் வழக்காடுபவர் நீதிமன்ற அனுமதியின்றிப் பணத்தைப் பெற முடியாது. 7ஆம் விதிப்படி, அனுமதியின்றிச் சமரசம் செய்ய முடியாது. செய்தால் அச்சமரசம் மைனரைக் கட்டுப்படுத்தாது, அவர் விரும்பினால் அதைச் செல்லாததாக்கலாம். ஹிதாயாவின் விதியை அறிந்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது.

1918இல் லண்டன் பிரிவி கவுன்சில் வழங்கிய ஒரு தீர்ப்பு நம் குடும்பங்களை இன்றளவும் பாதிக்கிறது. தந்தை இறந்தபின் தாயொருவர் தம் பங்கோடு மைனர் பிள்ளைகளின் பங்கையும் சேர்த்து விற்றிருந்தார். இமாம்பந்தி வழக்கு என்று அறியப்படும் அதில் தீர்ப்புரையை எழுதியவர் சையது அமீர் அலி. பிரிவி கவுன்சிலில் அமர்ந்த முதல் இந்தியர். முஸ்லிம் சட்டப்படி மைனரின் சொத்துக்குக் காப்பாளர் தந்தை; அவருக்குப்பின் அவர் வஸிய்யத்தால் நியமித்தவர்; அதன்பின் தந்தைவழிப் பாட்டனார்; அவருக்குப்பின் அவர் நியமித்தவர். இவர்கள் எவரும் இல்லாவிடில் காழி, அதாவது இன்றைய நீதிமன்றம். தாய் குழந்தையை வளர்ப்பவர் என்பதால் மட்டும் அதன் அசையாச் சொத்தை விற்கும் அதிகாரம் பெறமாட்டார் என்று அத்தீர்ப்பு கூறிற்று.

இங்கே உஹதின் விதவையை நினைவுகூர வேண்டும். பிள்ளைகளின் பொருளை எடுத்தவர் சிறிய தந்தை, காத்தவர் தாய். சட்டத்தின் வரிசை இப்படியிருக்க, தாய்க்கு வழியே இல்லையா? உண்டு. தந்தை தம் வாழ்நாளிலேயே வஸிய்யத்தின் வாயிலாக மனைவியைப் பிள்ளைகளின் சொத்துக்குப் பொறுப்பாளராக நியமிக்கலாம்; ஹனஃபி சட்டமும் இந்திய நீதிமன்றங்களும் அதை ஏற்கின்றன. உமர் (ரலி) அவர்கள் தம் வக்ஃப் சொத்தின் நிர்வாகத்தைத் தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. வஸிய்யத் இல்லாவிடில் தாய் நீதிமன்றத்தை அணுகித் தம்மைக் காப்பாளராக நியமிக்கும்படி கோரலாம். ஒரு தாளில் எழுதி இரு சாட்சிகளின் கையொப்பம் வாங்கும் இந்த எளிய காரியத்தை நம் ஊர்களில் எத்தனை தந்தையர் செய்கின்றனர்?

விபத்துப் பணம்

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே, சட்டப்படி தகுதியற்றோருக்கு உரிய தொகையை ஆணையர் அவர்கள் நலனுக்காக முதலீடு செய்யலாம் என்ற விதி இருந்தது. மோட்டார் விபத்துகளுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள், 1939ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 1956இல் செய்யப்பட்ட திருத்தத்தால் உருவாயின. தொகைகள் பெருகின, கூடவே பணம் தவறான கைகளில் கரைவதும் பெருகியது. குஜராத் உயர் நீதிமன்றம் 1980களின் தொடக்கத்தில் இதற்கென வழிகாட்டு நெறிகளை வகுத்தது.

1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்தது. முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் பழைய நகரமும் அதற்கு இரையானது. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. 1991 அக்டோபரில் அச்சமரசத்தை மறுஆய்வு செய்த உச்ச நீதிமன்றம், பணத்தைப் பிரித்தளிக்கும்போது எழுத்தறிவற்றோரும் மைனர்களும் ஏமாற்றப்படாதிருக்க வேண்டுமென்று குஜராத் நெறிகளை எடுத்துக்காட்டியது. பின்னர் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில் அதே நெறிகள் நாடு முழுமைக்கும் உரியவையாயின. மைனரின் தொகை குறைந்தது அவர் வயதடையும் வரை நீண்டகால வைப்பில் இருக்க வேண்டும். காப்பாளர் செய்த செலவுகளை எடுக்க அனுமதிக்கலாம். வைப்பின்மீது வங்கி கடன் தரலாகாது. மேற்கொண்டு சிகிச்சை தேவைப்பட்டால் தீர்ப்பாயம் நிறைவுற்றபின் பணம் எடுக்க அனுமதிக்கலாம் என்பன அவற்றின் சாரம். முதலைக் காத்து, அதன் ஆதாயத்தில் பிள்ளையைப் பேண வேண்டும் என்று ‘ஃபீஹா’ என்ற சொல்லில் விரிவுரையாளர்கள் கண்ட அதே வடிவம் இது.

அதே வேளையில், தீர்ப்பாயங்கள் கண்ணை மூடிக்கொண்டு எல்லோர் பணத்தையும் பூட்டி வைப்பது தவறு என்றும் உச்ச நீதிமன்றம் 2012இல் கண்டித்திருக்கிறது. தேவையைக் காட்டி மனுச் செய்தால் அதை ஆராய வேண்டியது தீர்ப்பாயத்தின் கடமை.

பிள்ளையின் காயத்துக்கு எவ்வளவு என்பதிலும் நீண்ட தடுமாற்றம் இருந்தது. வருமானத்தை வைத்தே இழப்பைக் கணக்கிடும் முறையில், வருமானமே இல்லாத பிள்ளைக்கு எதைக் கணக்கிடுவது? 1994இல் சேர்க்கப்பட்ட அட்டவணை, வருமானமில்லாதோருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று கற்பித்துக்கொண்டது. 2013 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், சிகிச்சைச் செலவு நீங்கலாக, ஊனம் 10 சதவீதம் வரை 1 லட்சம், 30 வரை 3 லட்சம், 60 வரை 4 லட்சம், 90 வரை 5 லட்சம், அதற்கு மேல் 6 லட்சம் என்று பிள்ளைகளுக்கான அளவை வகுத்தது. 2020 பிப்ரவரியில், 12 வயதில் விபத்துக்குள்ளாகி முழு ஊனமுற்ற ஒரு சிறுமிக்கு, திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்ச ஊதியத்தையும் வாழ்நாள் உதவியாளர் செலவையும் கணக்கில் கொண்டு 62,27,000 ரூபாய் வழங்கியது. சம்பாதிக்காத பிள்ளையின் உடலுக்கும் முழு மதிப்பு உண்டு என்ற இடத்துக்குச் சட்டம் மெல்ல மெல்ல வந்து கொண்டிருக்கிறது. தியத் பட்டியல் தொடங்கிய இடம் அதுவே.

வட்டி என்ற கேள்வி

வைப்பில் இருக்கும் பணத்துக்கு வட்டி சேர்கிறது. வங்கி வட்டி ஹராம் என்பதே நம் நாட்டு உலமாக்களில் பெரும்பாலோரின் நிலைப்பாடு. தாமாக விரும்பிப் போடாத, நீதிமன்ற உத்தரவால் போடப்பட்ட வைப்பில் சேர்ந்த வட்டியை என்ன செய்வது என்பதை, முழு விவரங்களையும் எடுத்துச்சொல்லித் தம் மத்ஹபின் ஆலிமிடம் குடும்பத்தினர் கேட்டறிய வேண்டும். வேறு வழிகள் உண்டா என்றும் பார்க்கலாம். பிள்ளையின் பெயரில் நிலமோ கட்டடமோ வாங்கி வாடகையில் செலவு செய்ய அனுமதி கோரி, ஆவணங்களோடு தீர்ப்பாயத்தில் மனுச் செய்யத் தடையில்லை, தீர்மானிப்பது தீர்ப்பாயமே.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வட்டி கூடாது என்ற உண்மையான அச்சத்தையே கருவியாக்கி, முதலையும் சேர்த்து வெளியே எடுத்து, உறவினரின் கடையில் பங்கு என்ற பெயரில் எழுத்தின்றிப் போடும் வழக்கம் நம்மிடையே உண்டு. கடை மூடப்பட்டால் பிள்ளைக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. வட்டியை வன்மையாகத் தடுத்த அதே வேதம் அநாதையின் பொருளை உண்பதையும் தடுத்திருக்கிறது. அழிக்கும் ஏழு பெரும்பாவங்களை நபியவர்கள் எண்ணிச் சொன்ன ஹதீஸில் இவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஒன்றிலிருந்து தப்பிக்க மற்றொன்றில் விழுவது மார்க்கப்பற்றாகாது.

ஒப்படைக்கும் நாள்

பணத்தை எப்போது ஒப்படைப்பது என்பதிலும் நம் முன்னோர் ஆழ்ந்து சிந்தித்தனர். வயது வந்தால் மட்டும் போதாது, ‘ருஷ்து’ எனப்படும் முதிர்ச்சியும் வேண்டும் என்றனர். முதிர்ச்சி தோன்றாவிட்டாலும் 25 வயதில் ஒப்படைத்துவிட வேண்டும் என்றார் இமாம் அபூஹனீஃபா. அவருடைய மாணவர்கள் இருவரும் முதிர்ச்சி தென்படும் வரை கூடாது என்றனர். இந்தியச் சட்டம் 1875 முதல் 18 வயதைப் பொதுவாகவும், நீதிமன்றம் காப்பாளரை நியமித்திருந்தால் 21 வயதையும் எல்லையாக வைத்திருந்தது. 1999இல் இரண்டும் 18 ஆயின. சோதித்துப் பாருங்கள் என்று 4:6 இடும் கட்டளை பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் உரியது. பணம் கைக்கு வரும் நாளில்தான் தன் பெயரில் ஒரு வைப்பு இருப்பதையே பிள்ளை அறியும் என்றால், அந்தச் சோதனையை நாம் நடத்தவே இல்லை என்று பொருள். பதினான்கு, பதினைந்து வயதிலேயே வங்கிப் புத்தகத்தைக் காட்டிக் கணக்கைச் சொல்லித் தர வேண்டும்.

நம் ஜமாஅத்துகள் செய்யக்கூடியது அதிகம். காயமுற்ற பிள்ளை தொடர்பான சமரசம் பள்ளிவாசலில் பேசப்பட்டால், அங்கேயே முடித்துவிடாமல் தீர்ப்பாயத்தின் அனுமதிக்கு அனுப்பலாம். இழப்பீடு பெற்ற பிள்ளைகளின் பெயர், வைப்பு எண், முதிர்வு நாள் ஆகியவற்றை, குடும்பத்தின் சம்மதத்தோடு, ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கலாம். வஸிய்யத் எழுத முன்வரும் தந்தையருக்கு ஒரு வழக்கறிஞரும் ஓர் ஆலிமும் சேர்ந்து உதவலாம். ஒப்படைக்கும் நாளில் இரு சாட்சிகள் முன்னிலையில் கணக்கை வாசிக்கலாம். இவற்றுக்குப் பெரும் செலவு ஆகாது. 1864இல் நம் காழிகளின் கையிலிருந்து நழுவிய பொறுப்பின் ஒரு பகுதியை இவ்வாறு மீட்டெடுக்க முடியும்.

அபூதர் (ரலி) போன்ற உலகப் பற்றற்ற ஒரு தோழரிடம், அநாதையின் பொருளுக்குப் பொறுப்பேற்க வேண்டாம் என்று நபியவர்கள் அறிவுரை கூறினார்கள். நேர்மை குறைந்தவர் என்பதற்காக அல்ல. அந்தப் பொறுப்பு அத்தனை கனமானது என்பதற்காக. அந்தக் கனத்தை உணர்ந்து சுமப்பவர்களாகவும், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளின் உரிமையை ஒரு காசும் குறையாமல் அவர்கள் கையில் சேர்ப்பவர்களாகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.